டச்சு மொழியின் நீளச் சொற்கள்: உடைப்பது, ஒட்டுவது, அழுத்துவது – முழுமையான வழிகாட்டி

டச்சு கற்கத் தொடங்கும் தமிழரை முதலில் மிரட்டுவது இலக்கணம் அல்ல, வீட்டுக்கு வரும் கடிதங்கள்தான். நகராட்சி, வரித்துறை, காப்பீட்டு நிறுவனம் என்று யார் அனுப்பினாலும் பத்திக்கு ஒரு சொல்லாவது முழ நீளத்துக்கு இருக்கும். அகராதியில் தேடினால் பல நேரம் கிடைக்காது. கடிதம் எழுதியவர் தன் தேவைக்கு அப்போதே ஒட்டிய சொல்லாகக்கூட அது இருக்கலாம். டச்சில் இரண்டு பெயர்ச்சொற்களைச் சேர்த்துப் புதிய பெயர்ச்சொல் ஆக்குவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இடைவெளி விடாமல் ஒட்டினால் போதும்.

அதனால் இந்தச் சொற்களை மனப்பாடம் செய்வது வீண் வேலை. உடைக்கத் தெரிந்துகொள்வதுதான் வழி. உடைக்கத் தெரிந்தவருக்கு உச்சரிப்பும் பாதிக்கு மேல் வந்துவிடும். நான் சொல்லப்போவதன் சாரம் இதுதான்: பொருள் வலது ஓரத்தில் இருக்கிறது, அழுத்தம் இடது பக்கத்தில் இருக்கிறது, நடுவில் நம் ஊர்ப் புணர்ச்சி கிடையாது. மூன்றுக்கும் விலக்குகள் உண்டு. அவற்றையும் பார்ப்போம்.

தொடங்கும் முன் எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு. டச்சுச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். 'ஃக' என்று எழுதினால் தொண்டையைச் செருமும் ஒலி. 'ஃஸ' என்றால் வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிரும் ஸகரம். 'ஹைஸ்' என்பதில் வரும் 'ஐ' நம் ஐ அல்ல. 'எய்' என்று சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் கிட்டத்தட்ட வரும். அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ˈ என்ற கோடு போட்டிருக்கிறேன். தமிழ் எழுத்து முழு ஒலியையும் காட்டாது, எனவே ஒவ்வொரு சொல்லையும் ஒலிப்பதிவில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

படி 1: கடைசிச் சொல்லை முதலில் பிடியுங்கள்

நீளச் சொல்லைக் கண்டால் கண் வலது ஓரத்துக்குப் போக வேண்டும். அங்கே இருப்பதுதான் தலைச்சொல். முன்னால் இருப்பதெல்லாம் அதற்கு அடைமொழி. தமிழிலும் அப்படித்தான்: தென்னைமரம் ஒரு மரம், மரத்தொட்டி ஒரு தொட்டி. இந்த விஷயத்தில் நமக்கு டச்சு அந்நியமே இல்லை.

'மெல்க்' என்றால் பால், 'ஷோகோலாட' என்றால் சாக்லேட். 'மெல்க்ஷோகோலாட' கடித்துத் தின்னும் பால் சாக்லேட். திருப்பிப் போட்டால் 'ஷோகோலாடமெல்க்', குடிக்கும் சாக்லேட் பால். 'ஃஸக்' என்றால் பை, 'ஃகெல்ட்' என்றால் பணம். 'ஃஸக்ஃகெல்ட்' பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கைச்செலவுக் காசு, 'ஃகெல்ட்ஸக்' பணப்பை. 'காஸ்பூர்' பாலாடைக்கட்டி விற்பவர், 'பூரன்காஸ்' பண்ணையிலேயே செய்த பாலாடைக்கட்டி. வரிசை மாறினால் சாமானே மாறிவிடும்.

தலைச்சொல்லைப் பிடித்தால் கூடவே இன்னொரு லாபம். டச்சுப் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் 'டெ' அல்லது 'ஹெட்' என்ற முன்னொட்டுச் சொல்லோடு வரும். எந்தச் சொல்லுக்கு எது என்று மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ஆனால் கூட்டுச்சொல்லுக்குத் தனி மனப்பாடம் வேண்டாம், கடைசி உறுப்புக்கு எதுவோ அதேதான் மொத்தச் சொல்லுக்கும். சமையலறை 'டெ கேக்கன்', கத்தி 'ஹெட் மெஸ்'. எனவே சமையலறைக் கத்தி 'ஹெட் கேக்கன்மெஸ்'. ஆப்பிள் 'டெ அப்பல்', சாறு 'ஹெட் ஸப்'. ஆப்பிள் சாறு 'ஹெட் அப்பல்ஸப்'. பன்மை விகுதியும் கடைசி உறுப்பில்தான் ஏறும். 'ஹைஸ்' பன்மையில் 'ஹைஃஸன்' ஆகும், எனவே மருத்துவமனையாகிய 'ஃஸீக்கன்ஹைஸ்' பன்மையில் 'ஃஸீக்கன்ஹைஃஸன்'. கணம், நொடி என்ற பொருளில் வரும் 'ஓஃகன்ப்லிக்' போன்ற சில விலக்குகள் உண்டு: பார்வை என்ற பொருளில் 'டெ ப்லிக்', ஆனால் 'ஹெட் ஓஃகன்ப்லிக்'. இப்படிப்பட்டவை கைவிரலில் அடங்கும்.

ஒரு எச்சரிக்கை. தலைச்சொல் என்ன பொருள் என்பதை மட்டும்தான் சொல்லும். முன்னால் இருப்பதோடு அதற்கு என்ன உறவு என்பதைச் சொல்லாது. 'அப்பல்டார்ட்' ஆப்பிளில் செய்த டார்ட் கேக். 'வர்யார்டஃக்ஸ்டார்ட்' பிறந்தநாளுக்குச் செய்த கேக், பிறந்தநாளில் செய்த மாவு அல்ல. அந்த உறவை உலக அனுபவத்தால்தான் ஊகிக்க வேண்டும். நம் வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நிற்பதும் இதே கதைதான்.

படி 2: நடுவில் நிற்கும் சாரியையைத் தனியே எடுங்கள்

புளி, பழம் இரண்டும் சேரும்போது நடுவில் 'அம்' வந்து புளியம்பழம் ஆகிறது. மரம், கிளை சேரும்போது 'அத்து' வந்து மரத்துக்கிளை ஆகிறது. பள்ளிக்கூடத்தில் சாரியை என்று படித்தோமே, அதே வேலையை டச்சில் சில ஒலிகள் செய்கின்றன. இதைப் புரிந்துகொள்வதில் தமிழ் மாணவருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவரைவிட வசதி அதிகம்.

முதலில் 'ஸ்'. 'ஸ்டாஷொன்' ரயில் நிலையம், 'ப்லெய்ன்' சதுக்கம், சேர்ந்தால் 'ஸ்டாஷொன்ஸ்ப்லெய்ன்'. 'வர்கன்' பன்றி, 'வ்லேஸ்' இறைச்சி, சேர்ந்தால் 'வர்கன்ஸ்ஃப்லேஸ்'. ஒரு காலத்தில் ஆறாம் வேற்றுமை உருபாக இருந்தது இன்று வெறும் ஒட்டுப்பசையாக நிற்கிறது. எப்போது வரும்? காதில் கேட்டால் எழுது என்பதுதான் விதி. ஆனால் இரண்டாவது சொல்லே ஸகரத்தில் தொடங்கினால் காதுக்குத் தெரியாதே? அதற்கு ஒரு சோதனை உண்டு. கிராமத் தெரு என்று எழுத வேண்டும்: 'டொர்ப்', 'ஸ்ட்ராட்'. இரண்டாவது சொல்லை மாற்றிப் பாருங்கள். கிராமத் தேவாலயத்தை எல்லாரும் 'டொர்ப்ஸ்கெர்க்' என்றுதான் சொல்கிறார்கள். அப்படியானால் தெருவுக்கும் சாரியை உண்டு, எழுத்தில் இரண்டு ஸகரம் வரும். உச்சரிப்பில் ஒன்றுதான்.

'ஹெய்ட்', 'டெய்ட்', 'ஸ்ஃகப்' என்று முடியும் சொற்களுக்குப் பின்னால் இந்த 'ஸ்' மிக அடிக்கடி வரும். 'இங்' விகுதிக்குப் பின்னால் நிலையில்லை: அரசாங்கத் தலைவர் 'ரஃகேரிங்ஸ்லெய்டர்', வரித்துறையோ 'பலஸ்டிங்டீன்ஸ்ட்', ஸகரம் இல்லை. ஒரே முதற்சொல்கூட ஒருமுறை ஏற்கும், ஒருமுறை ஏற்காது. நகரப் பூங்கா 'ஸ்டட்ஸ்பர்க்', நகர மன்றக் கட்டடம் 'ஸ்டட்ஹைஸ்'. சில சொற்களில் இரண்டு வடிவமும் சரியென்று அதிகாரபூர்வச் சொற்பட்டியலே ஏற்கிறது. காது பழகும்வரை பொறுமை வேண்டும்.

அடுத்து 'எர்'. 'கின்டர்பூக்' குழந்தைகள் புத்தகம், 'எய்யர்டொப்' முட்டைக் கிண்ணம். இது பழைய பன்மை விகுதி. இன்றைய பன்மை 'கின்டரன்' என்பதில் பழைய விகுதியும் புதிய விகுதியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன.

கடைசியாக 'என்', அதன் குறுகிய வடிவமான 'எ'. டச்சுக்காரர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இடம் இது. பான்கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பான் என்பது 'பன்', கேக் என்பது 'கூக்'. பேச்சில் நாட்டின் பெரும்பகுதியில் 'ˈபனகூக்' என்றுதான் கேட்கும், நடுவில் னகரம் ஒலிக்காது. எழுத்திலும் முன்பு னகரம் இல்லாமலே எழுதினார்கள். 1995-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் அந்த னகரத்தை எழுதியே ஆக வேண்டும் என்றது. விதி இது: முதற்சொல்லின் பன்மை 'என்' விகுதியில் மட்டுமே முடியுமானால் நடுவிலும் 'என்' எழுது. 'என்', 'ஸ்' என்று இரண்டு பன்மையும் இருக்குமானால் 'எ' மட்டும் எழுது. அதனால்தான் காய்கறி சூப்பாகிய 'ஃக்ரூன்டஸூப்' சொல்லில் னகரம் இல்லை. பன்மையே இல்லாத சொல்லுக்கும், சூரியன், நிலா போல் உலகில் ஒன்றே ஒன்றாக இருப்பதற்கும் 'எ' தான்: சூரிய ஒளி 'ஃஸொனஸ்ஃகெய்ன்', நிலவொளி 'மானஸ்ஃகெய்ன்'.

2005-இல் மறுபடி திருத்தினார்கள். சில செடிப் பெயர்களுக்கு இருந்த விலக்கை நீக்கினார்கள். மஞ்சள் காட்டுப்பூவான 'பார்டன்ப்லூம்' அப்போதுதான் னகரம் பெற்றது. இந்த விதிகளை நெதர்லாந்து, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி, சுரினாம் ஆகியவை சேர்ந்த டச்சு மொழி ஒன்றியம் வகுக்கிறது. அதன் சொற்பட்டியலுக்குப் பச்சைப் புத்தகம் என்று பெயர். 2005 திருத்தத்தில் எரிச்சலடைந்த சில பெரிய நாளிதழ்கள் அடுத்த ஆண்டே வெள்ளைப் புத்தகம் என்ற மாற்றுப் பட்டியலைப் பின்பற்றத் தொடங்கின. மாணவருக்கு என் யோசனை: தேர்வுக்குப் பச்சைப் புத்தகம், வாய்க்கு னகரமே வேண்டாம்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். 'என்' கண்டால் உடனே பன்மைப் பொருள் என்று நினைக்கக் கூடாது. புத்தக அலமாரியான 'பூகன்கஸ்ட்' பல புத்தகங்களுக்கானதுதான். ஆனால் பான்கேக்கை ஒரே பானில்தான் வார்க்கிறார்கள்.

படி 3: அசை பிரிக்கும்போது நன்னூலை ஓரமாக வையுங்கள்

'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்பது நமக்கு ரத்தத்தில் ஊறிய விதி. மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உயிரில் தொடங்கும் சொல் வந்தால் இரண்டையும் ஒட்டி ஒரே எழுத்தாக்கிவிடுவோம். தமிழர் டச்சு பேசும்போது சொல் புரியாமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்றே நினைக்கிறேன். டச்சுக் கூட்டுச்சொல்லில் உறுப்புகளுக்கு இடையே உள்ள எல்லை அசை எல்லையும்கூட. முதற்சொல்லின் கடைசி மெய் முதற்சொல்லோடுதான் இருக்கும்.

குளியல் தொட்டியில் மிதக்கும் மஞ்சள் ரப்பர் வாத்து எல்லாருக்கும் தெரியும். குளியல் என்பதற்கு எழுதும்போது கடைசியில் 'பாடு' என்பதில் வரும் அதிர்வுள்ள டகரம். வாத்து 'ஏன்ட்'. புணர்ச்சி விதிப்படி சேர்த்தால் 'பா-டேன்ட்' என்று வரும். டச்சுக்காரர் சொல்வது 'ˈபட்-ஏன்ட்'. நடுவில் இருப்பது 'பட்டு' என்பதில் வரும் வல்லின டகரம். டச்சில் அசையின் இறுதியில் அதிர்வொலி நிற்காது, வல்லொலியாகிவிடும். இங்கே வல்லொலி கேட்கிறது என்றால் அந்த மெய் முதல் அசையின் இறுதியில்தான் நிற்கிறது, அடுத்த உயிரோடு சேரவில்லை என்று பொருள். அதே வேரிலிருந்து வரும் குளிப்பதற்கான வினைச்சொல் 'ˈபா-டன்'. அங்கே விகுதிதான் ஒட்டுகிறது, கூட்டுச்சொல் இல்லை, எனவே டகரம் அடுத்த அசைக்குப் போய் அதிர்வோடு ஒலிக்கிறது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். டச்சு அசையின் ரகசியம் முழுதும் இந்த ஜோடியில் இருக்கிறது.

தினமும் தேவைப்படும் சொற்கள் இரண்டு: இரவு உணவு 'ˈஆ-வொன்ட்-ஏ-ட்டன்', குடும்ப மருத்துவர் 'ˈஹைஸ்-அர்ட்ஸ்'. இரண்டாவது உறுப்பு உயிரில் தொடங்கும்போது நூலிழை அளவுக்கு ஒரு நிறுத்தம் கொடுங்கள். 'ஹை-ஸர்ட்ஸ்' என்று ஒட்டிச் சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு நொடி திகைப்பார்.

எல்லை எங்கே என்பதில் பொருளே தொங்கும் சொற்களும் உண்டு. 'டெய்க்-ரம்ப்' என்றால் கடல் தடுப்புக் கரை உடைந்த பேரிடர். 'டெய்-க்ரம்ப்' என்றால் தொடையில் பிடிக்கும் தசைப்பிடிப்பு. எழுத்தில் இரண்டும் ஒன்றே. 'க்வர்ட்-ஸ்லாஃகன்' கால் திருப்பங்கள், 'க்வர்ட்ஸ்-லாஃகன்' படிகக் கல் அடுக்குகள். 'வல்-கைல்' விலங்கு விழும் குழி, 'வல்க்-ஐல்' என்று பிரித்தால் வல்லூறு போன்ற ஆந்தை. கடையில் விற்கும் சிறு தக்காளி 'கெர்ஸ்-டோமாட்யஸ்'. கெர்ஸ் என்றால் செர்ரிப் பழம். தவறாக 'கெர்ஸ்ட்-ஓமாட்யஸ்' என்று பிரித்தால் கிறிஸ்துமஸ் பாட்டிகள் ஆகிவிடுவார்கள். டச்சுக் குழந்தைகள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

தமிழ் வாய் டச்சுக் கூட்டுச்சொல்லை என்ன செய்யும் என்பதற்கு நம்மிடமே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. ஒல்லாந்தர் பழவேற்காட்டில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கோட்டை கட்டினர். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரையும், யாழ்ப்பாணம் 1658 முதல் 1795 வரையும் அவர்கள் கையில் இருந்தன. அவர்கள் விட்டுப்போன சொற்களில் ஒன்று கக்கூசு. 'கக்' என்றால் மலம், 'ஹைஸ்' என்றால் வீடு. வீடு என்ற சொல்லைப் பழைய டச்சில் 'ஹூஸ்' என்பதுபோல் ஒலித்தார்கள், அந்த ஊகாரம் தமிழில் அப்படியே நிற்கிறது. மற்றதைப் பாருங்கள். ஹகரம் போயிற்று, ககரம் இரட்டித்தது, கடைசியில் உகரம் ஏறியது, இரண்டு உறுப்புக்கு நடுவே இருந்த எல்லை அடையாளமே தெரியாமல் அழிந்தது. தமிழுக்குள் வந்த சொல்லுக்கு அது நியாயமான மாற்றம். டச்சு பேசும்போது இந்த நான்கையும் செய்யாமல் இருப்பதுதான் பயிற்சி.

படி 4: ஒட்டும் இடத்தில் ஒலி மாறுவதைக் கவனியுங்கள்

எல்லை காப்பாற்றப்பட்டாலும் அங்கே சந்திக்கும் இரண்டு மெய்கள் ஒன்றையொன்று பாதிக்கும். மூன்று பழக்கம் போதும்.

இரண்டாவது சொல் 'தம்பி' என்பதில் வருவது போன்ற அதிர்வுள்ள பகரத்தில் அல்லது 'வண்டி'யில் வரும் அதிர்வுள்ள டகரத்தில் தொடங்கினால், அதற்கு முன் நிற்கும் வல்லொலியும் அதிரத் தொடங்கும். கைக்குட்டை 'ஃஸக்டூக்': எழுத்தில் வல்லின ககரம், வாயில் 'தங்கம்' என்பதில் வரும் அதிர்வுள்ள ககரம். கால்பந்தாகிய 'வூட்பல்' சொல்லிலும் டகரம் அதிரும்.

இரண்டாவது சொல் வகரம், ஃஸகரம் போன்ற உரசொலியில் தொடங்கினால் தலைகீழ். அந்த உரசொலியே அதிர்வை இழக்கும். தூசு உறிஞ்சும் இயந்திரம் எழுத்தில் 'ஸ்டொஃப்-ஃஸைஃகர்', பேச்சில் 'ˈஸ்டொஃப்-ஸைஃகர்'. 'பொட்' முன்னால், 'விஸ்' பின்னால் சேர்ந்த பெரிய திமிங்கிலத்தின் பெயர் 'ˈபொட்-ஃபிஸ்'.

மூன்றாவது: ஒரே மெய் இரண்டு முறை சந்தித்தால் ஒருமுறைதான் ஒலிக்கும். துண்டு என்பதற்கு 'ˈஹன்-டூக்'. எழுத்தில் இரண்டு டகரம் இருக்கும், ஏமாறாதீர்கள். ஒற்று மிகும் இடம் என்று ஒன்று டச்சில் இல்லவே இல்லை. நம் நாக்கு தானாக இரட்டிக்கப் பார்க்கும். பிடித்து நிறுத்த வேண்டும்.

படி 5: அழுத்தம்

தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. எனவே நாம் எல்லா அசையையும் ஏறக்குறைய சமமாகச் சொல்லிக்கொண்டு போவோம். டச்சில் அப்படிச் சொன்னால், ஒவ்வொரு ஒலியும் சரியாக இருந்தாலும் கேட்பவர் சொல்லைத் தேடுவார். அவருடைய காது அழுத்தத்தை வைத்துத்தான் சொல் எங்கே தொடங்குகிறது என்று பிடிக்கிறது.

அடிப்படை விதி எளிது. பெயர்ச்சொல் கூட்டில் முதல் உறுப்புக்கு முதன்மை அழுத்தம், இரண்டாவது உறுப்புக்குத் துணை அழுத்தம். சமையலறை மேசை 'ˈகேக்கன்-டாஃபல்'. முன்கதவு 'ˈவோர்-டேர்'. படுக்கையறை 'ˈஸ்லாப்-காமர்'. முதல் உறுப்பு பெயரோ, வினையோ, முன்னிடைச் சொல்லோ, வித்தியாசமில்லை.

கவனிக்க வேண்டியது: முதல் உறுப்பு என்றேன், முதல் அசை என்று சொல்லவில்லை. முதல் உறுப்பு தனியாக இருக்கும்போது எந்த அசையில் அழுத்தம் வாங்குமோ அதே அசைதான் கூட்டிலும் வாங்கும். பிறந்தநாள் கேக் 'வர்-ˈயார்-டஃக்ஸ்-டார்ட்'. ரயில் நிலையச் சதுக்கம் 'ஸ்டா-ˈஷொன்ஸ்-ப்லெய்ன்'. நகராட்சிக் கட்டடம் 'ஃக-ˈமேன்-ட-ஹைஸ்'. சுகாதாரப் பராமரிப்பு 'ஃக-ˈஃஸொன்ட்-ஹெய்ட்ஸ்-ஸொர்ஃக்'. 'ஃக', 'ப', 'வர்' என்ற முன்னொட்டுகளும் 'என்', 'எர்', 'எ' என்ற முடிவுகளும் அழுத்தம் வாங்கவே வாங்காது. அவற்றில் உயிர் மங்கி, 'வந்து' என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் குறுகும் உகரம் அளவுக்கே ஒலிக்கும். அந்த மங்கலைக் கொடுக்கக் கற்றுக்கொண்டால் பாதி அழுத்தம் தானே வந்துவிடும். மற்ற அசைகளை அமுக்கினால்தானே ஒன்று எழும்பும்?

சரி, விலக்குகள். பெயரடை தன் 'எ' விகுதியோடு முதல் உறுப்பாக நின்றால், அழுத்தம் பெரும்பாலும் இரண்டாவது உறுப்புக்குப் போகும். காரணம், அவை ஒரு காலத்தில் தனித்தனி இரு சொற்களாக இருந்து இறுகியவை. சிவப்பு முட்டைக்கோஸ் 'ரோட-ˈகோல்'. உயர்கல்லூரி 'ஹோஃக-ˈஸ்ஃகோல்'. குடல்வால் 'ப்லின்ட-ˈடர்ம்'. இளைஞன் 'யொங-ˈமன்'. விகுதி இல்லாமல் மொட்டையாக நின்றால் மறுபடி முதல் உறுப்புதான்: விரைவு ரயில் 'ˈஸ்னெல்-ட்ரெய்ன்', தாத்தா 'ˈஃக்ரோட்-வாடர்'. நகர மன்றக் கட்டடம் மட்டும் தனிப்பிறவி, 'ஸ்டட்-ˈஹைஸ்'. அதே 'ஹைஸ்' சேர்ந்த மருத்துவமனை 'ˈஃஸீக்கன்-ஹைஸ்' என்று ஒழுங்காக நடக்கிறது. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் என்று அணையைக் குறிக்கும் 'டம்' சொல்லில் முடியும் ஊர்ப்பெயர்களும் கடைசி அசையில்தான் அழுந்தும்: 'அம்ஸ்டர்-ˈடம்', 'ரொட்டர்-ˈடம்'.

இதையெல்லாம் ஒரே நடையில் கேட்க ஆசையா? ஆம்ஸ்டர்டாம் நடுவில் மன்னர் சதுக்கமான 'ˈகோனிங்ஸ்-ப்லெய்ன்' என்ற இடத்திலிருந்து கிளம்புங்கள். நீங்கள் நடக்கும் தெரு லைடன் தெரு, 'ˈலெய்ட்ஸ-ஸ்ட்ராட்'. வழியில் 'ˈஹேரன்-ஃக்ரஃக்ட்', 'ˈகெய்ஃஸர்ஸ்-ஃக்ரஃக்ட்', 'ˈப்ரின்ஸன்-ஃக்ரஃக்ட்' என்று மூன்று பெரிய கால்வாய்களைக் கடப்பீர்கள். எல்லாம் முதல் உறுப்பில் அழுத்தம். தெரு முடியும் சதுக்கத்தின் பெயர் மட்டும் 'லெய்ட்ஸ-ˈப்லெய்ன்'. லைடன் ஊருக்குரிய என்ற அதே பெயரடைதான் இரண்டிலும். சதுக்கம் பெயரடை விதிப்படி அழுத்தத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. தெருவோ பொதுவாக அழுத்தம் ஏற்பதில்லை, அதனால் முன்னால் தள்ளிவிடுகிறது. அந்தச் சதுக்கத்திலேயே நிற்கும் நாடக அரங்கின் பழைய பெயர் 'ஸ்டட்-ˈஸ்ஃகௌ-பர்ஃக்'. அங்கே இரண்டாவது உறுப்பே ஏற்கெனவே ஒரு கூட்டுச்சொல். அப்படி வரும்போது அழுத்தம் அந்தக் கூட்டின் முதல் உறுப்புக்கு நகர்வது உண்டு. டிராம் அறிவிப்பைக் காதில் வாங்கிக்கொண்டே போனால் போதும், பாடப்புத்தகம் வேண்டாம்.

கூட்டுச்சொல்லிலிருந்து பெயரடை பிறக்கும்போதும் அழுத்தம் நகரும். விதி, ஊழ் என்ற பொருளில் 'ˈநோட்-லொட்'. ஊழால் கேடாக முடிந்தது என்ற பெயரடை 'நோட்-ˈலொ-ட்டஃக்'. தற்செயல் 'ˈடூ-வல்', தற்செயலான 'டூ-ˈவ-லஃக்'. சுருக்கெழுத்துகள் கடைசி எழுத்தில் அழுந்தும், அவற்றோடு சேரும் சொல்லும் அதைத் தொடரும்: பொதுப் போக்குவரத்து அட்டை 'ஓ-ˈவே-ஷிப்கார்ட்'.

படி 6: எழுதும்போது ஒட்டுங்கள்

இடைவெளி விடாதீர்கள். ஆங்கிலப் பழக்கத்தால் கூட்டுச்சொல்லைப் பிரித்து எழுதுவதை நெதர்லாந்தில் 'ஆங்கில நோய்' என்றே சொல்கிறார்கள். அது எலும்பை மென்மையாக்கும் ரிக்கெட்ஸ் நோய்க்கும் டச்சுப் பெயர். கேலியாகச் சொன்னாலும் விஷயம் உண்மையானது, ஏனென்றால் இடைவெளி பொருளை மாற்றிவிடும்.

'ஔட' முதிய அல்லது பழைய, 'மனன்' ஆண்கள், 'ஹைஸ்' வீடு. மூன்றையும் ஒட்டி எழுதினால் முதிய ஆண்களுக்கான இல்லம், 'ஔட-ˈமனன்-ஹைஸ்'. 'ஔட' என்பதைப் பிரித்து எழுதினால் ஆண்களுக்கான பழைய கட்டடம். ஹார்லெம் நகரில் ஃபிரான்ஸ் ஹால்ஸ் ஓவியங்களுக்கான அருங்காட்சியகம் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய இப்படி ஒரு முதியோர் இல்லத்தில்தான் இருக்கிறது. இன்றைக்கு அது பழைய கட்டடமும்தான், ஆனால் பெயர் சொல்வது அதை அல்ல. பொட்டு வண்டுக்கு 'லீவ-ˈஹேர்ஸ்-பேஸ்ட்ய' என்று பெயர். 'லீவ ஹேர்', அன்புள்ள ஆண்டவர், என்ற தொடர் முழுதும் சாரியை பெற்று, குட்டிப் பூச்சி என்ற சொல்லோடு ஒட்டியிருக்கிறது. தொடருக்குள் எங்கே அழுத்தம் இருந்ததோ அங்கேயே இருக்கிறது.

இணைப்புக்கோடு எப்போது? இரண்டு உயிரெழுத்துகள் சந்தித்து வேறு ஒலியாகப் படிக்கும் அபாயம் இருந்தால். கடல் வாத்து 'ஃஸே-ஏன்ட்', கார் விபத்து 'ஔடோ-ஒன்ஃகலக்'. 1995-க்கு முன் கடல் வாத்தில் எழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி வைப்பார்கள்; இப்போது கூட்டுச்சொல்லில் கோடுதான். சுருக்கெழுத்து, எண் இவற்றுக்குப் பின்னாலும் கோடு வரும்.

படி 7: ஒரு கடிதச் சொல்லை உடைத்துப் பார்ப்போம்

33 எழுத்துள்ள சொல்: 'அர்பெய்ட்ஸொன்ஃகஸ்ஃகிக்ட்ஹெய்ட்ஸ்ஃபர்ஸேகரிங்'. சுயதொழில் செய்யும் எவருக்கும் ஒருநாள் இது கடிதத்தில் வரும்.

வலது ஓரம்: 'வர்ஃஸேகரிங்', காப்பீடு. அது 'டெ' சொல், எனவே மொத்தமும் 'டெ'. அதற்கு இடப்பக்கம் ஒரு ஸகரம், அது சாரியை, எடுத்து வையுங்கள். அடுத்து 'ஹெய்ட்', தன்மையைக் குறிக்கும் விகுதி. அதற்கு முன் 'ஃகஸ்ஃகிக்ட்', தகுதியான. அதன் முன்னால் 'ஒன்', இன்மை. ஆக, தகுதியின்மை. மறுபடி ஒரு சாரியை ஸகரம். கடைசியில் மிஞ்சுவது 'அர்பெய்ட்', உழைப்பு. உழைக்க முடியாமை, அதற்கான காப்பீடு. மொத்தம் 10 அசை: அர்-பெய்ட்ஸ்-ஒன்-ஃக-ஸ்ஃகிக்ட்-ஹெய்ட்ஸ்-ஃபர்-ஸே-க-ரிங். இரண்டாவது அசைக்கும் மூன்றாவதுக்கும் நடுவே அந்த நூலிழை நிறுத்தம் கட்டாயம். காப்பீட்டின் வகரமும் ஃஸகரமும் எப்படி மாறின என்று பாருங்கள்: படி 4 சொன்னபடி சாரியை ஸகரத்தை அடுத்த வகரம் 'ஃப' ஆயிற்று, தனியே சொன்னால் அதிரும் ஃஸகரம், வேகமான பேச்சில் பலர் வாயில் வெறும் ஸகரம் ஆகிறது.

இதே முறையில் இன்னும் மூன்று. குடியுரிமைக்கும் நிரந்தர வசிப்புரிமைக்கும் எழுதும் தேர்வு 'ˈஇன்-பர்-ஃக-ரிங்ஸ்-எக்-ஸா-மன்': தேர்வு, சாரியை, குடிமகனாக்குதல். வசிப்பு அனுமதி 'வர்-ˈப்லெய்ஃப்ஸ்-ஃபர்-ஃக-னிங்'. மருத்துவச் செலவுக் காப்பீடு 'ˈஃஸீக்ட-கொஸ்டன்-ஃபர்-ஸே-க-ரிங்'. கடைசியில் நோய், செலவு, காப்பீடு என்று மூன்று உறுப்பு இருக்கிறது. எதை எதோடு முதலில் சேர்ப்பது? நோய்ச் செலவு ஒரு ஜோடி, அதற்குக் காப்பீடு. மாறாக 'கின்டர்ஃஸீக்கன்ஹைஸ்' என்பதில் பின்னிரண்டும்தான் ஜோடி: குழந்தைகளுக்கான மருத்துவமனை. பொருளை வைத்துத்தான் அடைப்பு போட வேண்டும், எழுத்து உதவாது.

பயிற்சிக்கு ஒரு வழக்கம் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த கடிதத்தில் மூன்று நீளச் சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். வலமிருந்து இடமாக உடையுங்கள், சாரியையைச் சுழியுங்கள், முதல் உறுப்பின் அழுத்த அசைக்குக் கோடு போடுங்கள். மொழி ஒன்றியத்தின் இணையச் சொற்பட்டியல் அசை பிரிப்பைக் காட்டும், இலவசம்தான். உங்கள் பிரிப்பை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அப்புறம் வாய்விட்டுச் சொல்லுங்கள், முதலில் அழுத்த அசையை மட்டும் மேசையில் தட்டி, பிறகு தட்டாமல். பட்டியலில் இல்லாத சொல் வந்தால் கலங்க வேண்டாம், உறுப்புகள் ஒவ்வொன்றும் அதில் தனித்தனியே இருக்கும்.